மதுரையின் கடல்

மதுரைக்காரர்களுக்குத் தங்கள் ஊர்ச் சாப்பாட்டின் மீதுள்ள கர்வம் ஊரறிந்தது. கறிதோசை, கோலா உருண்டை, பருத்திப்பால், ஜிகர்தண்டா என்று நாங்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் எதிரே அமர்ந்திருப்பவர் எழுந்து போகும்வரை ஓயமாட்டோம். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு நூலை முன்வைத்துக் கூடுகிற எங்கள் நால்வர் குழுவும் இதற்கு விலக்கல்ல. நூலைப் பற்றிய பேச்சு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு விளக்குத்தூண் பக்கம் நின்றபடி பேசுகிற பேச்சுக்குத்தான் முடிவே இராது. அப்படியோர் இரவில் ஜிகர்தண்டாவைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், "இந்தக் கடற்பாசி வைகையில எந்தப் படித்துறையில விளையுது?" என்று கேட்டார்.

குறும்புக்காகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் அன்றிரவு எங்கள் கர்வத்தின் மீது சிறியதொரு கீறல் விழுந்தது. இப்போது சில கடைகளில் பாதாம் பிசினைப் போடுகிறார்கள். குடிப்பவர்கள் வேறுபாட்டைப் பொருட்படுத்துவதும் இல்லை. ஆயினும் கடற்பாசி என்ற பேச்சு நிலைத்திருக்கிறது. கடலுக்குள் விளையும் ஒருவகைப் பாசியைக் காய்ச்சி, வடித்து, உறையவைத்து, உலர்த்தினால் கிடைப்பது அது. மன்னார் வளைகுடாவில் அதை மூழ்கிப் பறிப்பவர்கள் பெண்கள். உலகெங்கும் அதற்கு வழங்கும் 'அகர் அகர்' என்ற பெயரோ மலாய் மொழிச் சொல். எங்கள் ஊரின் தனிப்பெரும் அடையாளம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்ட கோப்பையின் அடியில் ஒரு கடலும், அக்கடலுக்கு அப்பாலுள்ள ஒரு மொழியும் கிடந்தன.

பேச்சு அங்கிருந்து கிளைவிட்டது. பிரியாணியில் மணக்கும் கிராம்பும் ஜாதிக்காயும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு, பண்டா தீவுகளைத் தவிர வேறெங்கும் பயிரானதில்லை. ஜவ்வரிசி என்பது 'ஜாவா அரிசி'யின் மரூஉ என்பாரும் உண்டு. நம்மிடமிருந்து அந்தப் பக்கம் போனவையும் குறைவில்லை. கப்பலுக்கு அங்கே 'கபல்', கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெத்தி', ஆப்பத்துக்கு 'அபம்'. சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டு தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. இவையெல்லாம் படித்தறிந்தவை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வாழ்கிற எங்களுக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்பதுதான் விளங்கவில்லை.

எங்களில் மூத்தவருக்குச் சுமத்ராவின் மேதான் நகரத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று நெடுநாள் ஆசை. டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட பகுதி அது. 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், அதைச் சுற்றித் தமிழர்கள் வாழ்ந்த பேட்டையும் உள்ள ஊர்; பக்கத்திலேயே பெலாவான் துறைமுகம். அங்கே போய் நாலு நாள் ஊர் பார்த்து, தெருக்கடைகளில் சாப்பிட்டுத் திரும்ப வேண்டுமென்று அவர் திட்டமெல்லாம் வகுத்தார். நால்வரின் கையிருப்பையும் கூட்டிப் பார்த்தபோது, அது தூத்துக்குடி வரைக்கும் தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. இவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வாடகைக் காரொன்றில் கிளம்பினோம்.

காரியாபட்டி தாண்டியதுமே மண்ணின் நிறம் மாறத் தொடங்கிவிடுகிறது. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இருபுறமும் கரிசல். வெயில் ஏறுவதற்கு முன்பு அந்த நிலம் ஈரமான சாம்பலைப் போலக் கிடக்கிறது. கி. ராஜநாராயணனைப் படித்தவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றி நாங்கள் புதிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பருத்திக்காட்டைப் பார்க்கும்போது துறைமுகத்தை நினைக்கும் வழக்கம் எங்களுக்கு அதுவரை இருந்ததில்லை. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் இப்பகுதியில் நெய்யப்பட்ட பருத்தித் துணிகளை வாங்கிக் கப்பலேற்றினார்கள். இந்தியத் துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் மசாலாப் பொருள்களை வாங்குவது அவர்களது வணிகத்தின் ஆதாரக் கணக்கு. தூத்துக்குடிக் கிட்டங்கி கொழும்புக்குக் கட்டுப்பட்டது. கொழும்பு, ஜாவாவிலிருந்த பத்தாவியாவுக்குக் கட்டுப்பட்டது. அந்தப் பத்தாவியாதான் இன்றைய ஜகார்த்தா. மதுரையிலிருந்து பார்த்தால் தலைநகரம் வடக்கே இருக்கிறது. கரிசல் பருத்திக்கு ஒரு காலத்தில் தலைநகரம் தென்கிழக்கே, கடலுக்கு நடுவில் இருந்தது.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்தோம். மதுரைக்காரர்களுக்குப் பாரதி 1904இல் சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர் என்ற உரிமை உண்டு. அதை அங்கிருந்த காவலாளியிடமும் சொல்லிவைத்தோம். அவர் அசையவில்லை. பாரதி வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர்கூட அதே ஊரில் அடக்கமாகியிருக்கும் உமறுப்புலவரின் தர்காவுக்குப் போவதில்லை என்பது எங்களுக்கு வருத்தமே. சீறாப்புராணம் பாடத் தூண்டுதலாக இருந்தவர் கீழக்கரையின் கப்பல் வணிகரான சீதக்காதி. கரிசலுக்கு நடுவே உருவான அப்பெருங்காப்பியத்துக்குப் பின்னாலும் கடல் வணிகத்தின் செல்வம் இருந்திருக்கிறது.

தூத்துக்குடியை நெருங்கும்போது மதுரைப் புறவழிச்சாலையில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை வருகிறது. காருக்குள் பேச்சு தானாக நின்றது. 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றவர்கள் மீது காவல்துறை சுட்டது. அன்றும் அதையடுத்தும் உயிரிழந்தவர்கள் 13 பேர். அம்மாத இறுதியில் அரசு ஆலையை மூடியது; அதைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மக்ரூனும் பரோட்டாவும் தின்பதற்காக ஒரு நகரத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கடக்க வேண்டியிருப்பது இந்த வாயிலை. கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாம். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் கடக்கிறார்கள். நாங்கள் வண்டியை ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் பார்த்தோம். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லைதான். ஆனாலும் நிறுத்தாமல் போவதற்கு மனம் ஒப்பவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மக்ரூன் வாங்கினோம். சிறிய கூம்பு, கோயில் விபூதியைப் போன்ற நிறம். முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரை பொங்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கிறார்கள். வாயில் போட்டால் முதலில் ஒரு முறுக்கு. அடுத்த கணம் ஒன்றுமில்லை, இனிப்பும் முந்திரி வாசமும் மட்டுமே. போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற பண்டம் என்று ஊரில் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் இதற்குப் பாதாம். இங்கே அந்த இடத்தில் முந்திரி. அந்த முந்திரி மரமே போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நம் மேற்குக் கரையில் நட்டதுதான். அவர்கள் போய் 350 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர்களைத் துரத்திய டச்சுக்காரர்களும் போய்விட்டார்கள். வெள்ளைக்கரு நுரை மட்டும் இன்றும் தினந்தோறும் அடிக்கப்படுகிறது.

டச்சுக்காரர்கள் போன விதம் சுவையானது. 1824இல் லண்டனில் ஆங்கிலேயரும் அவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இந்தியாவிலிருந்த தங்கள் தளங்கள் அனைத்தையும் டச்சுக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். சுமத்ராவில் தங்களுக்கிருந்த பென்கூலனை ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்தார்கள். ஆக, தூத்துக்குடியும் சுமத்ராவின் ஒரு பகுதியும் ஒரே காகிதத்தில் கைமாறின. மறுவருடம் தூத்துக்குடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மேதானுக்குப் போக முடியாத எங்கள் மூத்த நண்பருக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் 'வி.ஓ.சி.' தூத்துக்குடிப் பெருந்துறைமுகத்துக்கு 2011இல் சூட்டப்பட்ட பெயர் வ.உ. சிதம்பரனாருடையது, ஆங்கிலத்தில் சுருக்கினால் அதுவும் 'வி.ஓ.சி.' முன்னது உலகின் மிகப்பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது. பின்னவர் 1906இல் சுதேசி கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, இரண்டு கப்பல்களை ஓட்டி, 1908இல் சிறை சென்று, எல்லாவற்றையும் இழந்து, 1936இல் இதே ஊரில் மறைந்தார். அவருடைய கப்பல்களில் ஒன்று காலியா, மற்றொன்று லாவோ. ஜாவாவிலுள்ள லாவு மலையின் பெயரை டச்சுக்காரர்கள் எழுதிய அதே எழுத்துக்கூட்டு அந்தக் கப்பலின் பெயரில் இருக்கிறது. வ.உ.சி. தலைமையில் 1908இல் வேலைநிறுத்தம் செய்த கோரல் மில்லும், எங்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற மதுரை மில்லும் ஒரே ஹார்வி நிறுவனத்தின் உடைமைகள். மதுரை மில் சங்கொலியில் கடிகாரம் திருத்திய குடும்பங்களில் பிறந்த எங்களுக்கு அந்த ஊரின் கதை எப்படி அயலூர்க் கதையாகும்?

பனிமய மாதா பேராலயம், முத்துநகர்க் கடற்கரை எல்லாம் பார்த்தோம். எல்லோரும் பார்ப்பவை என்பதால் இங்கே விவரிக்கவில்லை. பழைய துறைமுகத்தில் நின்ற தோணிகளைப் பற்றி மட்டும் இரண்டு வரி. மரத்தாலான பெரிய கலங்கள், பாய்க்குப் பதிலாக இப்போது எந்திரம். காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. ஒரு காலத்தில் கொழும்புத் துறைமுகம் முழுக்க இவற்றைக் காணலாம் என்பார்கள். ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவலைப் படித்துவிட்டு வந்தவர்களுக்குத் தோணியைக் கண்டதும் ஏதோ உறவினர் வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல இருக்கும், எங்களுக்கு இருந்தது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிற ரயில் பயணிகளும் மதுரையைக் கடந்து இங்கே வந்துதான் கப்பலேறினார்கள்.

இரவு எங்கே சாப்பிடலாம் என்று விடுதி மேலாளரிடம் விசாரித்தோம். "நைட் கிளப்புக்குப் போங்க சார், இங்கன பக்கத்துலயே இருக்கு" என்றார். எங்களில் இருவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள். முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரவில் திறக்கும் பரோட்டாக் கடைகளுக்கு அந்த ஊரில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் அது. பரோட்டாக்கள் உள்ளங்கையளவுதான். எண்ணெயில் பொரித்தெடுத்ததைப் பிய்த்து, மேலே சால்னாவை ஊற்றி, ஊறுவதற்கு முன்பு ஒரு வாய், ஊறிய பிறகு ஒரு வாய் என்று சாப்பிட வேண்டும். மதுரைப் பரோட்டாவே சிறந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தோம். வாய் வேறு வேலையில் இருந்ததால் சொல்லவில்லை. நிற்க. இந்தப் பரோட்டா இலங்கை வழியாக இங்கே வந்தது என்போர் உண்டு. இதே மாவை இதேபோல வீசியடித்து மலேசியாவில் 'ரொட்டி சானாய்' என்றும், மேதானில் 'ரொட்டி சானே' என்றும் விற்கிறார்கள். எங்கிருந்து எங்கே போயிற்று என்று எங்களுக்குள் நடந்த வாதம் அன்றிரவு தீரவில்லை. கோதுமையே விளையாத ஒரு கடற்கரையில் மைதா ஊர்ப்பண்டமாகியிருக்கிறது என்ற அளவில் உடன்பட்டோம்.

மறுநாள் விடிவதற்கு முன்பே திருச்செந்தூர் சாலையில் புறப்பட்டோம். முத்தையாபுரம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் உப்பளங்கள். அளத்தில் வேலை இருட்டோடு தொடங்கிவிடுகிறது, வெயில் ஏறினால் நிற்க முடியாது என்பதால். பாத்திகளில் கட்டிய நீரில் கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வரப்போரமாக இழுத்துக் குவிக்கிறார்கள். கணுக்கால் மூழ்கும் உப்புநீரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து, கடைசிப் பாத்தியில் உப்பை உறையவிடுகிற முறை இது. இந்திய உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அளங்கள்தான். பழைய கதைகளில் வருகிற வெண்முத்து, பவழம் எல்லாவற்றையும் விட இந்த ஊர் உலகுக்குக் கொடுத்த பெரும்பொருள் உப்பே என்பது எங்கள் எண்ணம். முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவேயில்லை. உப்பு மட்டும் ஆண்டுதோறும் விளைகிறது.

வரப்பில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து வேலையில் இருந்த பெண்மணி ஒருவர், "எந்த ஊர்ல இருந்து வந்திருக்கிய?" என்று கேட்டார். மதுரை என்றோம்.

"அங்க உப்பு என்ன வெல?"

"கல்லுப்பு பாக்கெட் கிலோ இருபது ரூவாய்க்கு மேல போவுதுக்கா" என்றார் எங்களில் மளிகைச் சாமான் வாங்கும் பொறுப்புள்ளவர்.

அவர் பதிலேதும் சொல்லவில்லை. எங்களையே ஒரு கணம் பார்த்துவிட்டுப் பலகையை மறுபடியும் நீருக்குள் இறக்கினார். இழுத்துச் சேர்த்த குவியலைக் கண்ணால் அளந்தாரோ என்னவோ. அதற்குள் சூரியன் மேலேறிவிட்டது; வெள்ளைப் பாத்திகளிலிருந்து எழுந்த ஒளியில் எங்களால் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. ராஜம் கிருஷ்ணன் இந்த அளத்து மக்களோடு பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலை நாங்கள் ஒரு கூட்டத்தில் விரிவாகப் பேசியிருக்கிறோம். கூலி, கண்நோய், கால்புண் எல்லாம் அதில் உண்டு. ஆனால் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் குனிகிற அந்த அமைதியை நேரில்தான் பார்க்க முடிந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறது நம் பழமொழி. அதில் வருகிற உப்பிட்டவர் விருந்து வைத்தவர், வீட்டுக்காரர், சம்பளம் கொடுத்த முதலாளி. உப்பை இழுத்தவருக்கு அந்தப் பழமொழியில் இடமில்லை. எங்கள் சிறுவயதில் மதுரைத் தெருக்களில் கல்லுப்பைத் தள்ளுவண்டியில் படியளந்து விற்றுக்கொண்டு போவார்கள். மளிகைக் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு உப்பு மூட்டையை மட்டும் இரவில் வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். உப்பை யாரும் திருட மாட்டார்கள் என்ற நம்பிக்கை என்று அதற்குப் பெருமையாக விளக்கம் சொல்வது வழக்கம். திருடும் அளவுக்கு அதற்கு விலையில்லை என்பதே நேரான காரணமாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இம்மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. அளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு வெள்ளத்தில் கரைந்து போயிற்று. அந்தச் செய்தியை மதுரையில் படித்தபோது உப்பு விலை ஏறுமா என்றுதான் எங்கள் வீடுகளில் பேச்சு நடந்தது.

பழையகாயலைக் கடந்து உள்ளே திரும்பினால் கொற்கை. வாழையும் நெல்லும் சூழ்ந்த சிற்றூர். பாண்டியரின் பெருந்துறை இது என்று யாரேனும் சொன்னாலன்றித் தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்து குவித்த மண்ணால் கடல் 6, 7 கி.மீ. பின்வாங்கிவிட்டது. ஊரில் பழமையான வன்னிமரம் ஒன்று நிற்கிறது. அக்கசாலை என்ற பெயரைத் தாங்கிய கோயிலும் இருக்கிறது. அக்கசாலை என்றால் பொன் வேலை நடக்கும் இடம், நாணயம் அடிக்கும் சாலை. அந்தப் பெயரைக் கேட்டதும் நாங்கள் சிலப்பதிகாரத்தின் ஒரு செய்தியை நினைத்தோம். மதுரை எரிந்து, பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்த பிறகு, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று அந்நூல் கூறுகிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் பேர். நகரத்தின் பாவத்துக்குத் துறைமுகத்தில் ரத்தம். கண்ணகி கதையை எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். எரிந்த மதுரையின் அரியணைக்கு அடுத்த அரசன் கொற்கையிலிருந்து வந்தான் என்பதை அழுத்திப் பேசியதாக நினைவில்லை. மதுரையின் கடல் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு இந்த வாழைத்தோட்டம்தான் இருக்கிறது.

கடல் விலக விலக துறையும் இடம் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயல்' என்று வியந்து எழுதிய துறைமுகம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் பாண்டியனுக்காக இங்கே வந்திருக்கின்றன. மதுரைக் கோயில் தூண்களில் பாய்ந்து நிற்கும் கற்குதிரைகளைப் பார்க்கும்போது, உயிருள்ள குதிரைகள் எந்தக் கரையில் இறங்கின என்று இனிமேல் நாங்கள் நினைக்காமல் இருக்க முடியாது.

காயல்பட்டினத்தில் எங்களில் ஒருவரோடு கல்லூரியில் படித்த நண்பரின் வீட்டில் மதியச் சாப்பாடு. பெண்கள் புழங்குவதற்கென்றே வீடுகளின் பின்புறமாக ஓடும் குறுகிய முடுக்குகளையும், பழைய பள்ளிவாசல்களையும் அவர் சுற்றிக் காட்டினார். களறிக்கறியும் நெய்ச்சோறும் எதிர்பார்த்துப் போன எங்களிடம், அது கல்யாண வீட்டுச் சாப்பாடு, அதற்கு இன்னொரு முறை பத்திரிகை வைத்து அழைக்கிறோம் என்று சிரித்தார். சீலா மீன் குழம்பும், மாசிச் சம்பலும் கிடைத்தன. சூரை மீனை அவித்து, உலர்த்தி, விறகுக் கட்டைபோல இறுக்கி எடுப்பதுதான் மாசி. இடித்துத் தேங்காயோடு சேர்த்தால் ஒரு தட்டுச் சோறு போவது தெரியாது. மாலத்தீவு, இலங்கை, இந்தக் கரை மூன்றுக்கும் பொதுவான சுவை அது. மதுரையில் கருவாடு உண்டு. மாசியைப் பெரும்பாலோர் அறியார். நூறு கிலோமீட்டர் வடக்கே வந்து சேராத ஒரு சுவை, கடலைத் தாண்டிப் பல நூறு கிலோமீட்டர் போயிருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் நண்பரின் தாயார் ஒரு தட்டில் கறுத்த, பளபளப்பான துண்டுகளைக் கொடுத்தனுப்பினார். கீழக்கரையில் பெண் கொடுத்த வீட்டிலிருந்து வந்த தொதல். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. உருளியில் ஏற்றிவிட்டால் எண்ணெய் கக்கும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை மாற்றிக் கிண்ட ஆள் வேண்டும், மணிக்கணக்காகும். வாயில் அல்வாவைப் போல வழுக்காமல், பல்லோடு சற்று மல்லுக்கு நின்றுவிட்டுக் கரைகிறது. புகையும் தேங்காயும் கலந்த மணம்.

இதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவேயில்லை. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் 'டோடோல்' என்ற பெயரில் இதே பண்டம், ஏறக்குறைய இதே பொருள்களால், இதேபோலக் கிண்டி எடுக்கப்படுகிறது. ஜாவாவிலிருந்து டச்சுக்காரர்கள் சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்த மக்களின் வழியாக வந்திருக்கலாம்; மரைக்காயர்களின் கப்பலில் நேராகவே வந்திருக்கலாம். அந்த இலங்கை மலாய்க்காரர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிற வட்டிலாப்பமும் இந்தக் கரை வீடுகளில் செய்யப்படுகிறது. மூத்த நண்பர் இரண்டாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. மேதானுக்குப் போயிருந்தால் அங்கே எதைத் தேடி வாங்கித் தின்றிருப்பாரோ அது மதுரையிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில், ஒரு திண்ணையில் அவர் கைக்கு வந்துவிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "தொதல் நல்லா இருக்கா வாப்பா?" என்று கேட்டார் அந்த உம்மா.

நல்லா இருக்கிறது என்று சொன்ன நண்பர், இந்தோனேசியாவில் இதற்கு டோடோல் என்று பெயர், அங்கிருந்து இங்கே வந்த பண்டம் இது என்பதை அவருக்கே உரிய முறையில், ஆண்டுகளோடும் கப்பல்களோடும் விளக்கினார்.

உள்ளே சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பொலி கேட்டது. "அவங்கதான் நம்மகிட்ட இருந்து எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அது கெடக்கட்டும், தேயிலை ஆறுது பாருங்க, குடிங்க. வீட்டுக்குக் கொஞ்சம் பொட்டணம் கட்டச் சொல்லியிருக்கேன், எத்தன பேரு இருக்கீங்க?"